கருவாடு கழுவின கை

நித்தியானந்தனுக்கு மீனைப் பிரிப்பதைவிட மனிதரைப் பிரிப்பதில்தான் கெட்டித்தனம் அதிகம். மீனைப் பிரிக்க அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. மற்றதை அவர் இலவசமாகவே செய்துவந்தார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, "அந்த மனிதரின் வீட்டில் இருந்து சோறு தின்றவள் இப்படி எழுதுகிறாளே" என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது. அறைக்கு வாடகை கொடுத்துத்தான் இருந்தேன். அந்த வீட்டுச் சமையலில் பாதி என் கையால் நடந்தது. கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்ததும் அந்தக் கைதான்.

சிட்னியின் தெற்குக் கரையில் ஒரு மீன் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. அதற்கு முன் கொழும்பில் மீன்பிடித் திணைக்களத்தில் இருந்தவர். சிங்களம் படித்தால்தான் பதவி உயர்வு என்றதும், "உங்கடை பதவி ஆருக்கு வேணும்" என்று எறிந்துவிட்டு வந்ததாகச் சொல்வார். எறிந்தாரோ எறியப்பட்டாரோ, நான் விசாரிக்கவில்லை. அவருடைய மனைவி யோகா ஒரு தாதி. புதிதாகத் திறந்திருந்த வெஸ்ட்மீட் மருத்துவமனையில் எனக்கும் யோகா அக்காவுக்கும் ஒரே வாட்டில் வேலை. நான் இங்கிலாந்தில் தாதிப் படிப்பை முடித்துவிட்டு எழுபத்தெட்டின் கடைசியில் சிட்னிக்கு வந்தவள். வாடகை அறை கேட்டுப் போனால், தொலைபேசியில் தேனாகப் பேசிய வீட்டுக்காரி என் நிறத்தைக் கண்டதும், "இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார்" என்பாள். அப்படி அலைந்து சலித்திருந்தபோது யோகா அக்காதான், "நார்த்மீட்டிலை எங்கடை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்கு, வாரும் ரஞ்சினி" என்று கூட்டிக்கொண்டு போனார்.

கதவைத் திறந்த நித்தியானந்தன் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. "பிள்ளை யாழ்ப்பாணத்திலை எவடம்?" என்றார்.

இந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் ஊரைக் கேட்பார்கள். பிறகு ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, ஆருடைய மகள் என்று போகும். இவ்வளவும் முடிவதற்குள் உங்கள் சாதி, குலம், பாட்டன் காலத்து வேலி வழக்கு வரை எல்லாம் அவர்கள் கைக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் கதிரையைக் காட்டுவார்கள்.

"சுன்னாகம்," என்றேன்.

பொய்தான். நான் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிகளுக்குக் கட்டிய லயத்து அறையில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா தேயிலைச் செடியின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டினார். நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே நெஞ்சுச் சளியில் போய்விட்டார். தோட்டத்துக்கு வந்துபோன ஒரு பாதிரியார் என்னைச் சுன்னாகத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். போன முதல் வாரமே எனக்குத் "தோட்டக்காட்டாள்" என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரை உரித்துப் போட நான் பேச்சை மாற்றினேன். "வந்தேங்க" போய் "வந்தனான்" வந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தபோது என்னை யாராலும் பிரித்தறிய முடியவில்லை. பொய் சொன்னதற்காக எனக்கு இன்றுவரை வெட்கமில்லை. அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லும் கடன் எனக்கு எதற்கு?

"நல்லது, இரும் பிள்ளை," என்று நித்தியானந்தன் கதிரையைக் காட்டினார்.

அவருடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு நேரச் சாப்பாடும் முடியாது. ஆஸ்திரேலியன் சால்மன் என்று இங்கே ஒரு மீன் உண்டு. அது உண்மையில் சால்மனே இல்லை. கப்பலில் வந்த வெள்ளைக்காரன் தன் ஊர் மீனின் சாயலைக் கண்டு அந்தப் பெயரை வைத்துவிட்டுப் போய்விட்டான். இதில் கிழக்குக் கரை மீன் ஒன்று, மேற்குக் கரை மீன் ஒன்று. மேற்கு மீனின் குஞ்சுகள் நீரோட்டத்தோடு கிழக்கே வந்து, மெல்பேர்ன் பக்கத்துக் கடலில் கிழக்கு மீனோடு கலந்து வளரும். பெருத்த பிறகு மேற்கே திரும்பிவிடும். கலந்து நிற்கிற இடத்தில் எது எந்தக் கரை மீன் என்று கண்ணால் சொல்ல முடியாது.

"வெளியிலை பார்த்தால் பிடிபடாது," என்பார் நித்தியானந்தன், சோற்றைப் பிசைந்தபடி. "செவுளைத் திறந்து பார்க்க வேணும். உள்ளுக்கை சீப்புப் பல்லு மாதிரி முள்ளு வரிசை இருக்கு. கிழக்கு மீனுக்குக் கூட, மேற்கு மீனுக்குக் குறைவு."

சின்னக் குஞ்சுகளில் அந்தப் பல்லை நம்ப முடியாதாம். அதற்கு ஒரு புது முறை வந்திருந்தது. தசையை அரைத்துச் சாற்றை எடுத்து, கூழ் போன்ற ஒரு தட்டில் வைத்து மின்சாரம் விடுவார்கள். புரதங்கள் கோடு கோடாகப் பிரிந்து நின்று, இது எந்தக் கரை மீன் என்று சொல்லிவிடும். "சூடு மட்டும் காட்டக் கூடாது," என்பார். "சூடு பட்டால் அவிஞ்ச முட்டைதான். பிறகு எவடத்து மீன் எண்டு படைச்சவனுக்கும் தெரியாது."

அந்த வருடம், எழுபத்தொன்பதில், இரண்டு மாநில எல்லையில் இருந்த ஒரு குடாவைப் பற்றிச் சண்டை. அங்கே நிற்பவை எங்கள் கிழக்கு மீன்கள், நாங்கள் வலை போடுவோம் என்றது சிட்னி. இல்லை, அவை மேற்கு மீனின் குஞ்சுகள், தொடாதே என்றது மெல்பேர்ன். மீன்களை யாரும் கேட்கவில்லை. குஞ்சு பிடித்து வந்து பிரித்துப் பார்க்கும் வேலை நித்தியானந்தனுக்குக் கிடைத்தது. குடாவுக்குப் போன இடத்தில் வலைக்காரர்கள் இவரைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். ஒருவன் "கப்பலேறி உன் நாட்டுக்குப் போ" என்று மீன் தலையால் எறிந்திருக்கிறான். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாத ஒன்று உண்டு. அவருடைய மேலதிகாரி அவரை யாருக்கு அறிமுகம் செய்தாலும், "இவர்தான் எங்கள் இந்தியர்" என்பான்.

"நான் இந்தியன் இல்லை எண்டு இந்த மாட்டுக்கு எத்தினை தரம் சொல்லுறது?" என்று ஒருநாள் பையைக் கதிரையில் எறிந்தார். "சிலோனிலை இந்தியன் எண்டால் ஆர்? தோட்டக்காட்டார். மூட்டை முடிச்சோடை கப்பல்லை ஏத்தி அனுப்புறாங்கள் இப்ப. என்னைக் கொண்டுபோய் அவங்களோடை சேர்க்கிறான்!"

நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன கப்பலுக்குப் பெயர் எழுதப்பட்டவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை எழுதி, தோட்டத்துச் சனத்தை இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு போட்டிருந்தன. எனக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. அம்மாவை இந்தியாவுக்கு எழுதிவிட்டார்கள். அவள் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. அவளுடைய பாட்டன் எந்த ஊரிலிருந்து நடந்து வந்தான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. எழுபத்தேழு கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். அதிலிருந்து அம்மா உறவுக்காரர் வீட்டுச் சுவரோரம் படுத்துக்கொண்டு, கப்பலேறத் தலைமன்னாருக்கு வரும்படி எப்போது உத்தரவு வருமோ என்று காத்திருந்தாள்.

அவளை இங்கே கூப்பிட எனக்கு வழி இருந்தது. குடிவரவுக் கந்தோரில், வந்தால் எங்கே தங்குவாள், வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். நித்தியானந்தன் சம்மதித்திருந்தார். "சுன்னாகத்து மனிசி வந்தால் வீட்டிலை ஒரு ஒழுங்கான கறியாவது கிடைக்கும்," என்றார். இது எனக்கு உபசாரம் இல்லை. யோகா அக்காவுக்குக் குத்து. யோகா அக்கா நெடுந்தீவில் பிறந்தவர், யாழ்ப்பாணத்தார் தங்களுக்கு ஒரு படி கீழே வைக்கும் தீவு அது. கறியில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் "தீவுப் பழக்கம்" என்பார் இவர். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரவு வேலை பார்த்து அந்த வீட்டைப் பாதி வாங்கியவரும் அவர்தான்.

அம்மாவின் பெயர் முத்துராக்காயி. நான் முத்தம்மா என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் வாயைத் திறந்தால், பச்சை குத்திய கையைக் காட்டினால், கதை கந்தலாகும் என்று எனக்குத் தெரியாதா? வந்து இறங்கட்டும், இறங்கிய பிறகு எவன் என்ன செய்துவிடுவான் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வைப்பதாக அவர் சொல்லியிருந்தார்.

முதல்நாள் சனிக்கிழமை விருந்து. டாக்டர் ஜெயரட்ணமும் மனைவி பவளமும் வருவதாக இருந்தது. ஹெலன்ஸ்பர்க்கில் எழும்பப்போகும் கோயிலுக்கு ஆள் சேர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வீடு வீடாகச் சாப்பிடுகிறவர்கள். நித்தியானந்தன் காலையில்தான் எல்லைக் குடாவிலிருந்து திரும்பியிருந்தார். ஆய்வுக்கூடம் பூட்டியிருந்தபடியால், இரண்டு தரப்பும் சேர்ந்து பார்க்க மெல்பேர்னுக்குக் கொண்டுபோக வேண்டிய குஞ்சு மீன்களை ஐஸ் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து பின்விறாந்தையில் வைத்தார். கறிக்கென்று நாலு பெரிய மீன்கள் தனியாக வந்தன. வெள்ளைக்காரன் தூண்டிலில் இரையாகக் குத்தும் மீன்தான், புளி விட்டுக் காய்ச்சினால் நன்றாகவே இருக்கும்.

யோகா அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார். மீன் கழுவுவது வழக்கமாக அவர்தான், அன்றைக்கு மட்டும் மீனைத் துண்டம் போடும் வேலை எனக்கு. பேசினில் மீனைப் போட்டேன். அடுப்பில் கேத்தில் கொதித்தது. என் கை தானாகவே போய்க் கேத்திலை எடுத்து மீனின் மேல் சுடுதண்ணீரை ஊற்றியது.

"சூடு காட்டாதையும்! சூடு காட்டாதையும்!"

பின்னால் நித்தியானந்தன் பதறிக்கொண்டு ஓடிவந்தார். தன் ஆராய்ச்சி மீன் என்று நினைத்துவிட்டார். எட்டிப் பார்த்து, கறி மீன்தான் என்று கண்டு, நெஞ்சில் கையை வைத்து ஆறினார். ஆனால் போகவில்லை. மீனின் தோல் வெந்து சுருண்டு உரிவதைப் பார்த்தார். பிறகு கேத்திலைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். நான் கேத்திலை அடுப்பில் திருப்பி வைத்தேன்.

பச்சை மீனுக்கு யாழ்ப்பாணத்தில் ஒருவரும் சுடுதண்ணீர் ஊற்ற மாட்டார்கள். கடல் பக்கத்தில் இருக்கிறது, மீன் துள்ளத் துள்ள வருகிறது. பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுக் கறிச்சட்டியில் போடுவார்கள். தோட்டத்தில் எங்களுக்கு மீன் என்றால் கருவாடு. உப்பும் மண்ணும் புழுவும் போகச் சுடுதண்ணீரில் கழுவினால்தான் தின்னலாம். எப்போதாவது மலையேறி வரும் பச்சை மீனும் பாதி அழுகித்தான் வரும், அதற்கும் அதே சுடுதண்ணீர்தான். விடுதியில் எனக்குச் சாப்பிடத்தான் மீன் கொடுத்தார்கள், கழுவக் கொடுக்கவில்லை. பேச்சைப் பழக்கினேன், கையைப் பழக்க மறந்துபோனேன்.

கண்டதை அவர் விருந்தாளிகள் வரட்டும் என்று வைத்திருந்தார்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்து, டாக்டர் இரண்டாம் முறை மீன் போட்டுக்கொண்டபோது நித்தியானந்தன் தொடங்கினார்.

"டொக்டர், நீங்களும் சுன்னாகம்தானே. எங்கடை ரஞ்சினியும் சுன்னாகம்."

"அப்பிடியே?" பவளம் அன்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுன்னாகத்திலை எவடம் பிள்ளை?"

"ஸ்ரேசனடி," என்றேன்.

"ஸ்ரேசனுக்கு இஞ்சாலையோ அங்காலையோ? ஆற்றை மகள்? அப்பாவின்ரை பேர் என்ன?"

ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கேட்டார். நான் சோற்றைப் பிசைந்தேன். டாக்டர் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு முள் எடுத்தார். நித்தியானந்தன் அவசரப்படவே இல்லை. பல்லை எண்ணுகிறவருக்குப் பொறுமைக்கா பஞ்சம்?

"சுன்னாகத்திலை பச்சை மீனுக்குச் சுடுதண்ணி ஊத்துறவையே, பவளம் அக்கா?" என்றார்.

"ஆர் ஊத்தினது? விசரே?"

"இந்தா இவ. இண்டைக்கு என்ரை கண்ணாலை பார்த்தனான்." என் பக்கம் திரும்பினார். "உது கருவாடு கழுவின கை. எந்தத் தோட்டம் பிள்ளை நீர்?"

பவளம் அன்ரி வாயில் வைத்த கவளத்தை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் இருந்தார். எனக்குப் பயம் போய்விட்டது. இனி எதற்குப் பயம்?

"டிக்கோயா," என்றேன். "அம்மா கொழுந்து பறிச்சவ. அப்பா கவ்வாத்து வெட்டினவர். வேறை என்ன தெரிய வேணும்?"

"உம்மடை அம்மாவை எந்த நாட்டுக்கு எழுதியிருக்கு?"

"இந்தியாவுக்கு."

"அப்ப இந்தியாவுக்குப் போகட்டும். ரெண்டு அரசாங்கம் கூடிப் பிரிச்சு வைச்சிருக்கு, நான் ஆர் அதைக் குழப்ப?" ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. நான் கையெழுத்து வைக்க மாட்டன். என்ரை வீட்டிலை தோட்டக்காட்டாருக்கு இடமில்லை."

"எங்கம்மாவைப் பத்திப் பேசாதீங்க!" என்று கத்தினேன். இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்த பேச்சு வெடித்துக்கொண்டு வந்தது. "நீங்க குடிக்கிற தேத்தண்ணி எங்கம்மா விரல்ல ரத்தம் வரப் பறிச்சது. அதக் குடிக்கறப்ப எந்தத் தோட்டம்னு கேட்டீங்களா?"

யோகா அக்கா எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. குசினிக்குள் போனார். தேநீருக்கு வைத்த கேத்தில் அங்கே கொதித்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து பின்விறாந்தைக்குப் போனார். ஐஸ் பெட்டியின் மூடி விழுந்த சத்தம் கேட்டது.

நித்தியானந்தனுக்கு அப்போதுதான் விளங்கியது. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார். நாங்களும் பின்னால் போனோம். யோகா அக்கா ஆற அமர, அந்த மூலைக்கும் இந்த மூலைக்குமாக, செடிக்குத் தண்ணீர் விடுவது போல ஊற்றிக்கொண்டிருந்தார். ஆவி பறந்தது. ஐஸின் மேல் பரப்பியிருந்த குஞ்சு மீன்கள் வெள்ளை வெளேரென்று வெந்து மிதந்தன.

"யோகா! விசரே உமக்கு? மெல்பேர்னுக்குக் கொண்டுபோற மீன்!"

"இப்ப சொல்லுங்கோ பாப்பம்," என்றார் யோகா அக்கா. "இதிலை எது எவடத்து மீன்?"

அவர் குனிந்து பெட்டிக்குள் கையை விட்டார், சுட்டதும் இழுத்துக்கொண்டார்.

"வீடு என்ரை பேரிலையும் இருக்கு. நான் வைக்கிறன் கையெழுத்து." வெறுங்கேத்திலை அவர் கையில் திணித்தார். "இதைத் தீவுப் பழக்கம் எண்டு சொல்லுங்கோ."

டாக்டரும் பவளம் அன்ரியும் பாயசம் குடிக்காமல் போய்விட்டார்கள். அடுத்த வாரமே வெஸ்ட்மீட்டிலிருந்த அத்தனை தமிழருக்கும் நான் எந்தத் தோட்டம் என்று தெரிந்துவிட்டது. சிலர் என்னுடன் பேசுவதை விட்டார்கள். அவர்கள் முன்பு பேசியதும் காதுக்கு இனிமையாக இருந்ததில்லை. நித்தியானந்தன் மேலதிகாரியிடம் ஐஸ் உருகி மீன் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அந்தக் குடாவுக்குப் போய், மறுபடியும் ஏச்சு வாங்கி, மறுபடியும் குஞ்சு பிடித்து வந்தார். மெல்பேர்னில் என்ன முடிவானது என்று நான் கேட்கவில்லை. என்னோடு அவர் பேசவில்லை. நானும் அவருடைய கோப்பையைக் கழுவவில்லை.

அம்மா அடுத்த தை மாதம் வந்தாள், இந்தியக் கடவுச்சீட்டில். விமான நிலையத்துக்குப் போக யோகா அக்கா காரை ஓட்டச் சொன்னதால் நித்தியானந்தனும் வந்தார். மாமனார் வீட்டுச் செத்த வீட்டுக்கு வந்தவர் போலத் தூரத்தில் தூணருகே நின்றார். அம்மா ஒரு துணி மூட்டையோடும், இரவல் கம்பளிச் சட்டையோடும் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். யோகா அக்காவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பிறகு தூணருகே நின்றவரைக் கண்டாள்.

"அவுங்க யாரும்மா?"

"இந்த அக்காவோட வீட்டுக்காரரு. நம்ம நாட்டு ஆளுதான்," என்றேன்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்த இடத்தில் நம் நாட்டு ஆள்! விறுவிறுவென்று நடந்து போய், பச்சை குத்திய கையால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு தமிழனைக் கண்டால் கேட்பதற்கு ஒரே கேள்விதான்.

"தம்பி எந்தத் தோட்டம்?"

நித்தியானந்தன் கையை இழுத்துப் பார்த்தார். கொழுந்து பறித்த பிடி, விடவில்லை. "எனக்குத் தோட்டம் இல்லை," என்றார்.

"தோட்டமே இல்லையா?" அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே மனம் இரங்கிவிட்டது. சுற்றி யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அதுக்கென்னா தம்பி. யாராச்சும் கேட்டா டிக்கோயான்னே சொல்லிக்கங்க. நான் காட்டிக் குடுக்க மாட்டேன்."

யோகா அக்கா தூணில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு துளியைத் தவறவிடவும் எனக்கு மனம் வரவில்லை.